மழைக்குப் பாட்டு, வெயிலுக்கு மண்

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். கொழும்பில் பல வருடம் கடை வேலை பார்த்தாயிற்று. வருகிற சித்திரை வருடப்பிறப்போடு தலவாக்கலைப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிவிட எண்ணம். வீட்டில் அப்பா வாசித்த ஹார்மோனியம் ஒன்று நெடுநாளாக மூடிக் கிடக்கிறது. வீடு நிற்கிற இடத்தோடு சேர்த்து ஏழு பேர்ச்சஸ் காணி இருக்கிறது. பாட்டும் மரக்கறித் தோட்டமுமாக ஒருவர் வாழ்ந்துவிட முடியுமா? இருக்கிற கொஞ்ச நேரத்தை இரண்டுக்கும் எப்படிப் பங்கு போடுவது? நான் எப்படிச் செய்தேன்?

முடியும் தம்பி. இரண்டும் சோறு போடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நான் பாடசாலையில் படிப்பித்துத்தான் குடும்பம் நடத்தினேன். நேரத்தைப் பங்கு போடுகிற கவலையும் உங்களுக்கு வேண்டாம், அதை மலையில் மழை பார்த்துக்கொள்ளும். உங்கள் பக்கத்தில் வைகாசி நடுவில் தென்மேல் பருவமழை பிடித்தால் புரட்டாசி வரைக்கும் மண்ணில் பெரிதாக ஒன்றும் செய்ய விடாது. அப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து வாசியுங்கள். தை, மாசி, பங்குனியில் வானம் வெளுத்துவிடும், அப்போது மண்வெட்டியை எடுங்கள். நான் ஒரு நாளை இரண்டாகப் பிரித்தவன் இல்லை. வருடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். என் வாழ்க்கை முழுக்க அந்தக் கணக்கில்தான் ஓடியிருக்கிறது.

இரண்டும் எனக்குப் பிறந்த வீட்டிலேயே கிடைத்தவை. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். அப்பா பெரிய துரை பங்களாவில் தோட்டக்காரர். அம்மாவின் தம்பி, என் மாமா, தேயிலைச் செடிகளை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்து வேலைக்காரர். மாசி மாதம் வந்தால் காமன் கூத்துக்குத் தப்பு என்கிற தோல் பறையை அடிப்பவர். பகல் முழுக்க அப்பா துரைக்குப் பூ வளர்த்தார். அதற்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைக் கணக்குப் புத்தகத்தில், பேர் விழுந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலுக்கும் தண்ணீர் ஓடும் கானுக்கும் நடுவே இருந்த துண்டு நிலத்தில் எங்களுக்காக வளர்த்தார், அது எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. மாமாவின் தப்பும் அப்படித்தான். மனிதர் தன் மனசுக்குப் பிடித்த அளவில் கையை ஓட விட்ட இடம் எங்கள் லயத்தில் இந்த இரண்டும்தான். அதனால்தான் பொழுதுபோக்கு என்ற சொல்லை இவற்றுக்கு வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

பங்களாவில் வெட்டிப் போடுகிற கொம்புகளை அப்பா சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார். டாலியாக் கிழங்கு, ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியா. இந்த ஹைட்ரேஞ்சியாவைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் மண்ணைப் பற்றி எனக்கு முதலில் பாடம் சொன்னது அதுதான். பங்களா வேலி ஓரம் முழுக்க நீலமாகப் பூக்கும். எங்கள் லயத்துச் சுவர் ஓரம் நட்ட அதே கொம்பு ரோஸ் நிறமாகப் பூத்தது. அம்மா ராசி என்றார். உண்மையில் அது சுவருக்கு அடித்த சுண்ணாம்பின் வேலை. புளிப்பான மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்பு கரைந்து இறங்கிய இடத்தில் புளிப்பு குறைந்து அலுமினியம் வேருக்குக் கிடைக்காமல் போகும், பூ ரோஸாகும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் ஏழு பேர்ச்சஸும் ஒரு காலத்தில் தேயிலை நின்ற மண்ணாகத்தான் இருக்கும். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், பி.எச். 4.5க்கும் 5.5க்கும் நடுவில். இந்த பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல் என்று அர்த்தம். போதாததற்கு வருடக்கணக்காகப் போட்ட அமோனியா பசளை அதை இன்னும் புளிக்க வைத்திருக்கும். கரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் கோவாவுக்கும் (முட்டைக்கோஸ்) ஆறுக்கு மேலே வேண்டும். ஊருக்கு வந்ததும் ஆசையாகக் கரட் விதை வாங்கித் தூவுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முளைக்கும், நாலு இலை விடும், அப்படியே நின்றுவிடும். உடனே விதை சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் மாவான டொலமைட்டைத் தூவி, மண் கிண்டும் முள்ளால் கிண்டிவிடுங்கள். கவ்வாத்து முடிந்த மலைக்குத் தோட்டத்தில் போடுகிறார்களே, அதே டொலமைட்தான். அடுப்புச் சாம்பலும் நல்லது. கவ்வாத்தில் விழுந்த கொம்புகளை, அதாவது மிலாறை, எரித்த சாம்பல் எங்கள் வீட்டில் ஒரு பிடி வீணானதில்லை. வேலி ஓரத்தில் ஒரு ஹைட்ரேஞ்சியாவும் நட்டு வையுங்கள். மண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காசில்லாமல் அது காட்டிக்கொண்டே இருக்கும்.

மாமாவிடம் கற்றது வேறு வகைப் பாடம். காமன் கூத்து மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையோடு கம்பம் ஊன்றித் தொடங்கும். பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பார்கள். மன்மதனும் ரதியும் ஆடுவார்கள், சிவன் நெற்றிக்கண் திறப்பார், ரதி அழுவாள். அத்தனைக்கும் அடியில் விடாமல் ஓடுவது தப்பு. மாசியில் பகல் வெயில் கொளுத்தினாலும் இரவுப் பனி எலும்பைக் கடிக்கும். ஈரம் ஏறிய தோல் தளர்ந்து 'தொம் தொம்' என்று செத்த சத்தம் தரும். அதனால் கூத்துக் களத்தின் ஓரத்தில் எப்போதும் ஒரு நெருப்பு இருக்கும். காய்ந்த மானாப்புல்லும் மிலாறும் போட்டு எரித்து அதில் தப்பைக் காட்டுவார்கள். எவ்வளவு நேரம் காட்டுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. குறைந்தால் குரல் வராது. கூடினால் தோல் வெடிக்கும், அல்லது தோலைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும் புளியங்கொட்டைப் பசை விட்டுப்போகும். மாமா சுண்டுகுச்சியால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டு, "இன்னும் கொஞ்சம்" என்பார். காதால் ஈரத்தை அளக்கிற அந்தப் பழக்கம்தான் பிறகு நான் தொட்ட எல்லா வாத்தியத்துக்கும் உதவியது.

இந்தத் தப்பு விஷயத்தில் எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு. அந்தக் காலத்தில் விடிகாலையில் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கூப்பிட்டதும் தப்புதான், கோயில் திருவிழாவுக்கும் தப்புதான், சாவு வீட்டுக்கும் தப்புதான். ஒரு மக்களின் முழு வாழ்க்கையும் அந்த ஒரு தோலில் அடித்திருக்கிறது. அப்படியிருந்தும் அதை அடித்தவர்களைச் சாதியைச் சொல்லி ஒதுக்கினார்கள். ஹார்மோனியம் வாசித்தவனுக்கு நாற்காலி போட்ட அதே ஊர், தப்படித்தவரைக் கானோரத்தில் நிற்க வைத்தது. நான் படிப்பித்த பாடசாலைகளில் கலைவிழா நடந்தால் வீணையும் மிருதங்கமும் இருக்கிற அதே மேடையில் தப்பையும் ஏற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். சில பெற்றோர் தங்கள் பிள்ளை அதைத் தொடக்கூடாது என்றார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசினேன். எல்லோரும் மாறவில்லை, சிலர் மாறினார்கள். நீங்கள் ஊருக்கு வந்து பிள்ளைகளைச் சேர்த்து ஏதும் செய்வதாக இருந்தால் தப்பை விட்டுவிட்டு ஹார்மோனியத்தை மட்டும் வைத்துத் தொடங்காதீர்கள்.

சரி, ஹார்மோனியத்துக்கு வருகிறேன். என் பெட்டி எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாதிருந்த எங்கள் ஆட்கள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. 3,00,000 பேர் இங்கே. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி 1974இல் பேசி ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருந்த பெரியப்பாவின் குடும்பம் போகிற பக்கத்தில் விழுந்தது. மார்கழி பஜனைக்கு அவர்தான் பெட்டி வாசிப்பார். ஹட்டன் ஸ்டேசனில் ஏறி, தலைமன்னார் போய், அங்கேயிருந்து கப்பலில் ராமேஸ்வரம். அந்த ரயிலை எங்கள் சனம் அழுகைக் கோச்சி என்றுதான் சொல்லும். கொண்டுபோகிற சாமானில் பெட்டிக்கு இடமில்லை. "மார்கழிக்கு மட்டும் விடாமல் எடு" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அப்போது பாடசாலைப் பையன். ச எது, ப எது என்று கூடத் தெரியாது.

சொல்லித்தர ஆள் இல்லை. லயத்தில் ஒரே ஒரு ரேடியோ. இலங்கை வானொலியில் ஒரு பாட்டு வரும்போது அதன் ஆதார சுருதி எந்தக் கட்டையில் உட்காருகிறது என்று தேடுவேன். ஒரு கட்டை என்றால் வெள்ளைக்காரர் சொல்லும் 'சி', இரண்டு கட்டை 'டி', ஐந்து கட்டை 'ஜி'. பாட்டு முடிவதற்குள் ச கிடைத்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் நல்ல தூக்கம். உங்களுக்கும் இதையே சொல்வேன். பாட்டு வாசிக்கப் பழகுவதற்கு முன்னால் உங்கள் குரல் எந்தக் கட்டையில் சிரமமில்லாமல் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஆண் குரல் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் இருக்கும். பஜனையில் அம்மாமார் பாடுவது ஐந்து, ஐந்தரை. அதனால் ஊர்ப் பஜனைக்கு வாசிக்கிறவனுக்கு இரண்டு இடத்திலும் விரல் பழகியிருக்க வேண்டும். அதற்கு மேல் முறையாகக் கற்க ஆசை வந்தால், 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபையின் தரத் தேர்வுகள் இருக்கின்றன. என் மாணவர்கள் சிலர் அந்த வழியில் போய் இன்று சங்கீத ஆசிரியர்களாக இருக்கிறார்கள். மலையகப் பாடசாலைகளில் சங்கீத ஆசிரியர் தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை.

அப்பாவின் பெட்டியை எடுத்ததும் வாசித்துப் பார்க்க அவசரப்படாதீர்கள். நெடுநாள் மூடிக்கிடந்த துருத்தியை ஒரேயடியாக இழுத்தால் மடிப்பில் உள்ள தோல் கிழியும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, நேர் வெயில் படாத காற்றோட்டமான திண்ணையில் மேல் மூடியைத் திறந்து இரண்டு மூன்று நாள் வையுங்கள். அப்புறம் துருத்தியை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். கட்டைகளை அழுத்தாமல், ஸ்டொப்பர்களையும் மூடி வைத்துக் காற்றை அடைத்தால் அது சட்டென்று இறங்கக் கூடாது. இறங்கினால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஓரங்களில் காட்டினால் புகை ஆடுகிற இடத்தில் ஓட்டை தெரியும். மெல்லிய ஆட்டுத்தோலைப் பசை போட்டு ஒட்டலாம். செலோடேப் ஒட்டாதீர்கள், நம்முடைய குளிரில் ஒரு மழைக்காலம் தாங்காது.

அழுத்தும்போது ஒரு கட்டை பேசவில்லையென்றால் ரீட் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் பித்தளை நாக்குக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவே ஒரு தூசியோ பூச்சியின் காலோ மாட்டியிருக்கும். நாக்கை மெல்லிய தகட்டால் ஒரு மயிரிழை தூக்கி விட்டால் போதும், பேசிவிடும். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் காய்ந்த மென்மையான தூரிகையால் மட்டும் துடையுங்கள். உப்பும் புளியும் விளக்குக்குச் சரி, ரீட்டுக்கு வேண்டாம். சுருதி விலகியிருந்தால் நாக்கின் நுனியில் சுரண்டினால் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஆனால் அதை நீங்கள் செய்யாமல் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். சுரண்டிய பித்தளை திரும்ப வராது. பழைய பெட்டிகளில் ஜெர்மன் ரீட் இருக்கும். அப்படி இருந்தால் அதை மாற்றச் சொல்லி யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள், அந்தக் குரல் புது ரீட்டில் வருவதில்லை.

மழைக்காலத்தில் மரம் உப்பும், கட்டைகள் அழுத்தினால் எழும்பாது. இதற்கு நான் கண்ட ஒரே மருந்து தினமும் வாசிப்பது. துருத்தியில் காற்று ஓடிக்கொண்டிருந்தால் பூஞ்சணம் பிடிக்காது. வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியால் சுற்றி அடுப்படிச் சுவருக்கு மறுபக்கம், நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். அடுப்புக்கு மேலே வேண்டாம். புகைக் கரி தோலைத் தின்றுவிடும். உள்ளே காய்ந்த வேப்பிலை போட்டால் பூச்சி அண்டாது. மழை கொட்டுகிற ஆடியில் நான் வேறு எங்கேயும் போவதில்லை. பாடம் பண்ண வேண்டிய வர்ணம், பழைய தெம்மாங்கு, பஜனைப் பாட்டு எல்லாம் அந்த மாதங்களில்தான் விரலுக்குள் போனது.

1980களில் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து ஊவா மாகாணத்துப் பண்டாரவளைப் பக்கம் போனேன். மலைக்கு அந்தப் பக்கம் எல்லாம் தலைகீழ். நம் பக்கம் வானம் உடைந்து ஊற்றுகிற ஆடி ஆவணியில் ஊவாவில் கச்சான் காற்று அடித்து நிலம் வெடிக்கும். அவர்களுக்கு மழை ஐப்பசிக்கு மேல்தான். ஹட்டனில் உப்பிப்போய் நின்ற என் பெட்டி அங்கே சுருங்கத் தொடங்கியது. பலகை மூட்டுகள் விட்டுக் காற்று ஒழுகியது. ஈரத்துணியை ஒரு சிரட்டையில் வைத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் மூடி வைக்க வேண்டி வந்தது! விதைக்கிற மாதம், வாசிக்கிற மாதம் இரண்டையும் இடம் மாற்றிக்கொண்டேன். தேயிலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதில்லை. ஊவாக் கொழுந்துக்கு மணம் ஏறுவது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, ஹட்டன், தலவாக்கலை அடங்கிய நம் திம்புளைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. இரண்டுமே அந்தந்தப் பக்கம் மழையில்லாமல் காய்கிற மாதங்கள். தேயிலைக்கு மணம் ஏறுகிற அதே மாதங்களில்தான் தோல் வாத்தியத்துக்கும் குரல் ஏறுகிறது. ஆகவே யாராவது "மலைநாட்டில் கரட் எப்போது போடுவது" என்று பொதுவாகக் கேட்டால், மலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை.

பிறகு கொஞ்சக் காலம் கந்தப்பளைப் பக்கம். அங்கே உறைபனியைப் பார்த்தேன். தை மாசியில் மேகமில்லாத இரவில் குளிர்காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடிந்தால் பள்ளத்துப் போஞ்சியும் (பீன்ஸ்) உருளைக்கிழங்கும் வெந்தது போல் கறுத்திருக்கும், மேட்டில் உள்ளவை தப்பியிருக்கும். தலவாக்கலையில் உங்களுக்கு இந்தத் தொல்லை அரிது. நுவரெலியா, அக்கரப்பத்தனை மேல் பக்கம் காணி வைத்திருப்பவர்கள் மட்டும் பிஞ்சுச் செடிகளை மானாப்புல்லால் மூடி வைக்கட்டும்.

இப்போது உங்கள் ஏழு பேர்ச்சஸ். மொத்தம் சுமார் 177 சதுர மீட்டர். வீடு, கக்கூஸ், தண்ணீர்த் தாங்கி, நடைபாதை எல்லாம் போக நூறுக்கும் குறைவாகத்தான் மண் மிஞ்சும். அது போதும். ஆனால் சரிவில் இருக்கும் என்பதால் விதைக்கு முன்னால் கான் வெட்ட வேண்டும். சரிவுக்குக் குறுக்கே, மெல்லிய சாய்வோடு. நம் பாட்டன்மார் தேயிலை மலையில் வெட்டினார்களே அதே கான். அதன் மேல் ஓரத்தில் சேரை, அதாவது லெமன்கிராஸை, நெருக்கமாக நடுங்கள். முதல் பெருமழையிலேயே அதன் பலன் தெரியும். கான் வெட்டாத நிலத்தில் போட்ட பசளை எல்லாம் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும்.

மாட்டெருவை மக்க வைத்துப் போடுங்கள். பச்சை எருவில் கரட் இரண்டு மூன்று கவராகப் பிரிந்துவிடும். ராபு, அதாவது முள்ளங்கி, நாற்பது நாற்பத்தைந்து நாளில் வரும், மனதுக்குத் தைரியம் தருவதற்கு அதை முதலில் போடலாம். போஞ்சி இரண்டு மாதத்துக்குள் காய்க்கத் தொடங்கும். கரட்டுக்கும் கோவாவுக்கும் மூன்று மாதத்துக்கு மேல். லீக்ஸ் பொறுமைக்காரருக்கு உரியது, ஆனால் மழையைத் தாங்கும். உருளைக்கிழங்கை இந்தச் சின்ன நிலத்தில் போட வேண்டாம் என்பேன். மூடுபனியும் தூறலும் சேர்ந்தால் வெளிறல் நோய் ஒரே வாரத்தில் பாத்தியை முடித்துவிடும். வேலி ஓரத்தில் வல்லாரை, பொன்னாங்காணி, ஒரு மரத்தக்காளி. நத்தைக்கு மருந்து வாங்காதீர்கள். இரவில் டோர்ச் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு பொறுக்குங்கள்.

காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வரும். கம்பிச் சுருக்கு வைக்கச் சொல்லி ஊரில் ஆட்கள் சொல்வார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டி இடுப்பு அறுந்து சாகிறது. நம் மலைகளில் திரும்பத் திரும்ப நடக்கிற கொடுமை இது. இரண்டு கரட் பாத்திக்காக அந்த உயிரைக் கொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. தகரத்தை நிலத்தோடு சேர்த்து அடித்து வேலி போடுங்கள். சின்ன நிலத்துக்கு அதுவே போதும்.

2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள். மே மாதம் தடை, நவம்பரில் விலக்கல். அந்த நடுவில் மரக்கறிக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கூட்டெரு போடுகிறவன் என்பதால் என்னிடம் பலர் வழி கேட்டு வந்தார்கள். உண்மையைச் சொன்னேன்: கூட்டெரு நல்லது, ஆனால் ஒரு போகத்துக்குள் அது மண்ணை மாற்றாது. வருடக்கணக்கில் சேர்த்துத்தான் மண் கறுப்பாகும். அடுத்த வருடம் நெருக்கடி வந்து அரசாங்கமே உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் மரக்கறி நடச் சொன்னது. லயங்களில் அந்த வருடம் வாசல் மண்ணில் கீரையில்லாத வீடு குறைவு. காஸ் இல்லை, மா இல்லை, ஆனால் பின்னேரம் கரண்ட் போனதும் பிள்ளைகள் என் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். விளக்கு இல்லாமல் பெட்டி வாசிக்கலாம், தப்படிக்கலாம். அந்த இருட்டில் என்னிடம் கற்ற பிள்ளைகள்தான் இப்போது எங்கள் தோட்டத்துப் பஜனையை எடுத்து நடத்துகிறார்கள்.

நிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏழு பேர்ச்சஸ் வீட்டுத் திட்டத்தில் உறுதிப் பத்திரம் கைக்கு வந்ததா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் அதற்கு நடையாய் நடங்கள். லயத்தில் இன்னும் இருக்கிறவர்களுக்கு வாசல் மண்கூடச் சொந்தமில்லை. இருபது வருடம் பண்படுத்திய பாத்தியை ஒரு கடிதத்தில் விடச் சொல்லலாம். ஒரு தோட்டத்தில் என் அப்பாவின் பாத்திகள் மேல் புதுத் தேயிலை நட்டார்கள். அவர் டாலியாக் கிழங்குகளை மட்டும் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தார். அந்த வழிக் கிழங்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் வந்தால் தருகிறேன்.

சித்திரைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள், நல்ல நேரம். மழை பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். முதல் வாரத்தில் பெட்டியைத் திறந்து திண்ணையில் வைத்துவிட்டு, கான் வெட்டத் தொடங்குங்கள். கான் முடிந்ததும் டொலமைட். மே தொடக்கத்தில் லீக்ஸ் நாற்று நட்டு, ஓரத்தில் ராபு தூவிவிடுங்கள். கரட்டையும் போஞ்சியையும் மழை விட்ட பிறகு பார்க்கலாம். அதற்குள் பெட்டி காய்ந்து வாசிக்கத் தயாராக இருக்கும். ரீட் பலகையைக் கழற்றும்போது திருகாணிகளை ஒரு சிரட்டையில் போட்டு, எது எந்த ஓட்டைக்கு என்று தாளில் குறித்து வையுங்கள். பழைய பெட்டிகளின் திருகாணி அளவு இப்போது கடைகளில் கிடைப்பது கஷ்டம்.